மேலே படாத மனுஷன்

அத்தானுக்குச் சளி பிடித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பிடித்திருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் மூக்கை உறிஞ்சாத வீடு கிடையாது. கடைத்தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதியில் நிறுத்தித் தும்மிவிட்டுத்தான் மீதியைச் சொல்வார்கள். அத்தான் மட்டும் குடை பிடிக்காமல், தலையில் துண்டு போடாமல், மார்பைத் திறந்துகொண்டு நடுத்தெருவில் வருவார். யாராவது தும்மினால் நின்றுவிடுவார். தும்மியவன் அன்றைக்குத் தப்ப முடியாது.

“எத்தனை நாளா இருக்கு?” என்று வைத்தியர் மாதிரி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். “காலையில அரைமணி நேரம் கம்பு சுத்துனா இந்தச் சள்ளையெல்லாம் எதுக்கு வருது? எனக்கு வந்து பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லும்வரை விடமாட்டார்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். புளி, வத்தல் மண்டி வைத்திருந்தார். சிறு வயதிலேயே புளியறைப் பக்கத்தில் ஓர் ஆசானிடம் சிலம்பம் பழகப் போய், மீசை முளைத்துத் திரும்பி வந்தவர். நான் சொல்லுகிற ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எங்கள் வீடு. அதனால் அவருடைய ஆரோக்கியத்தை மிக அருகிலிருந்து அனுபவிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சிலம்பம் பழகியதால் தனக்கு வந்த நன்மைகளை அவர் சொல்லி முடித்து யாரும் கேட்டதில்லை. பல் ஆடவில்லை. கண்ணாடி போடவில்லை. வயிறு மக்கர் பண்ணியதே இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். படுத்தால் தூக்கம், எழுந்தால் தெளிவு. கோபம் வராது. கொசுகூடக் கடிக்காது என்று ஒரு தடவை சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்குமாகக் கடி வாங்கிக்கொண்டிருந்த நான் அதை மறுக்க முடியவில்லை. தனக்கு நல்ல பெண்டாட்டி அமைந்ததும் பயிற்சியால்தான் என்பார். என் அப்பா ஜாதகம் எடுத்துக்கொண்டு அலைந்ததற்கு அதில் பங்கு உண்டென்று அவர் ஒத்துக்கொண்டதில்லை.

அந்த ஆரோக்கியத்தைத் திரிகையில் போட்டுத் திரித்தவள் அக்கா. தோல் உளுந்தைத் திரித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டுவாள். பச்சிலை போட்டு எண்ணெய் காய்ச்சுவாள். அவர் கம்பு சுற்றும்போது போடுகிற வெள்ளைப் பனியனை நீலம் போட்டு அலசிக் காயவைப்பாள். இடுப்புவலி அக்காவுக்கு, பலன் அத்தானுக்கு என்று நான் ஒருநாள் சொன்னேன். அக்கா சிரித்தாள். அத்தான், “அவளும் கொஞ்சம் குனிஞ்சு நிமிந்தா வலிக்காது” என்றார். திரிகை முன்னால் அவள் குனிந்து நிமிர்ந்தது கணக்கில் வராது போலிருக்கிறது.

அந்தப் பனியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குனியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடை விழா. வில்லுப்பாட்டுக்கு முன்னால் சிலம்பம் நடக்கும். நாலு இளவட்டங்கள் கம்பு நுனியில் துணி சுற்றிக் காவித் தண்ணீரில் முக்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் அத்தான் வெள்ளைப் பனியனோடு நிற்பார். கம்பு அவர் மேல் பட்டால் சிவப்பாகப் பொட்டு விழும். ஒரு பொட்டு விழுந்தால் அவர் தோற்றார். நாலு பக்கமிருந்தும் பாய்வார்கள். அத்தான் திருப்பி அடிக்கவே மாட்டார். தோள் இறங்கும், இடுப்பு திரும்பும், கால் ஒரு சாண் நகரும். கம்பு காற்றில் போகும். பின்னால் வருவதும் அவருக்குத் தெரியும். கடைசியில் பனியனைக் கழற்றி உயர்த்திக் காட்டுவார். என்றைக்கும் அதில் ஒரு புள்ளி இருந்ததில்லை. பெண்கள் பக்கம் நிற்கிற அக்காவின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். வெளுத்தது அவளாயிற்றே.

“அடிக்குறது என்ன பெருசு மாப்ளே? மாடுகூட முட்டும். எது வந்தாலும் நம்ம மேல படாம நிக்கணும். பயிற்சின்னா அதான்” என்பார் என்னிடம்.

நம்ம மேல என்று அவர் சொன்னதில் நான் கிடையாது. அவர் மேல் படாதது எங்கே போகும் என்பதை அந்த ஆசான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். அதைத் தெரிந்துகொண்டவன் நான். விசுவநாதர் கோயில் வாசலில் சாரல் காலத்துக் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒருநாள் அத்தான் முன்னால் போக, நான் பின்னால் போனேன். மூச்சை எப்படி இழுக்கவேண்டும் என்று கழுத்தைத் திருப்பி எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே நடந்தார். எதிரே இருந்த பூக்கடையின் மறைப்புத் தட்டியைக் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. உடம்பு தானாக ஒரு சாண் விலகிக்கொண்டது. அவர் உடம்பு மறைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டி நேராக என் முகத்தில் வந்து அறைந்தது.

உதடு கிழிந்து நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் குனிந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“பாத்தியா மாப்ளே? நான் திரும்பிக்கூடப் பாக்கல.”

இப்படி நிறைய. அவர் விலகிக்கொண்டதால் சைக்கிள் இடித்தது ஒருவரை, கொதிக்கிற காபி கொட்டியது இன்னொருவர் மடியில். ஒவ்வொரு தடவையும் அடிபட்டவன் வலியோடு அவரைப் பாராட்டவும் வேண்டியிருந்தது. முடிவெட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். “அண்ணாச்சி, இப்பம் பின்னால வாரேன். கழுத்துல கை வைக்கேன்” என்று சொல்லிச் சொல்லித்தான் வெட்டுவார். சொல்லாமல் ஒருநாள் கத்தியை வைக்கப்போய், அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து அறையின் மறுகோடியில் போய் நின்றுவிட்டாராம். பாதி மீசையோடு நின்றுகொண்டு அந்த மனுஷனுக்கும் பயிற்சியின் நன்மையை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

மண்டியில் தகராறு வந்தாலும் இதே கதைதான். பங்காளிகள் குரலை உயர்த்த ஆரம்பிக்கும்போது அவர் இருப்பார். முடியும்போது இருக்க மாட்டார். எப்போது எழுந்து போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. கோபத்தை அடக்கிய ஆள் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து மண்டியில் கூட இருந்த அவர் தம்பி பட்டுக்கொண்டிருந்ததை யாரும் கொண்டாடவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயங்கள். இனிமேல் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குற்றாலத்தில் மேலே ஏறி, செண்பகாதேவி அம்மனைக் கும்பிட்டு வரவேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் ஆடி மாதம் காலையில் கிளம்பினோம். பெரிய அருவியில் குளித்துவிட்டு மேலே ஏறும் பாதையைப் பிடித்தோம். முன்னால் அத்தான், நடுவில் அக்கா, தேங்காய் பழத் தட்டோடு கடைசியில் நான். சாரல் நின்று நின்று பெய்தது. மரத்தடி எல்லாம் ஈரம். அத்தான் வெறுங்காலோடு ஆடு மாதிரி தாவித் தாவி ஏறினார். மூச்சு வாங்கவில்லை என்பதை நாங்கள் கவனிக்கிறோமா என்று அடிக்கடி கேட்டுக்கொண்டார். எனக்கு வாங்கியது, கேட்டது காதில் விழாத மாதிரி ஏறினேன்.

ஓரிடத்தில் ஓடைத் தண்ணீர் பாதையைக் கடந்து போகும். பாசி பிடித்த சரிவுப் பாறை. அத்தான் கடந்து மேலே நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அக்கா இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதில் கால் வழுக்கியது. அவள் பதறவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் புருஷன் நிற்கிறான், பிறகென்ன பதற்றம்? கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தாள்.

பிடிக்கவில்லை. விரல் படுவதற்கு முன்னால் தோள் இறங்கிவிட்டது. இடுப்பு திரும்பியது, கால் ஒரு சாண் நகர்ந்தது. கொடையில் நான் வருஷா வருஷம் பார்த்த அதே அசைவு. அக்காவின் கை காற்றைப் பிடித்தது. அவள் ஓடைக்குள் விழுந்து கீழே ஒரு பாறையில் மோதி நின்றாள். கால் முறிந்த சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

நான் தட்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். இறங்கும்போது அவரைப் பார்த்தேன். கால்களை அகட்டி ஊன்றி, கைகளை மார்புக்கு முன்னால் வைத்து, தன்னை அடிக்க வந்தது யார் என்று சுற்றிலும் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அவர்தான் தூக்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவை இரண்டு கையிலும் ஏந்தி அந்த வழுக்குப் பாதை முழுக்க ஓர் இடத்திலும் தடுமாறாமல், ஒரு தடவைகூட இறக்கி வைக்காமல், பெரிய அருவிக்கரை வரை கொண்டுவந்து சேர்த்தார். வேறு யாராலும் முடியாது. கரைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

“மூச்சு வாங்கல, பாத்தியா.”

அக்கா கண்ணை மூடியிருந்தாள். காதை மூட முடியவில்லை.

சிலம்ப ஆசான்கள் எலும்பு கட்டவும் கற்றுக்கொடுப்பது வழக்கம். அத்தான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒதுங்கத் தெரிந்தவனுக்கு எலும்பு எதற்கு முறியப்போகிறது என்று இளவயதில் நினைத்திருக்கிறார். ஆகவே கடையம் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியரை வண்டி வைத்து அழைத்து வந்தோம். அவர் முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிடும், ஆனால் நொறுங்கின இடம் கொஞ்சம் குட்டையாகத்தான் நிற்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒரே விளக்கம் சொன்னார். “நான் ஒதுங்கலன்னா ரெண்டு பேருமால்லா விழுந்திருப்போம்? பொறகு யாரு தூக்குறது?” வந்தவர்கள் தலையாட்டினார்கள். அதுவும் வாஸ்தவம்தானே என்றார்கள். அக்காவுக்கு இப்படி ஒரு புருஷன் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று ஒரு மதினி ஆரஞ்சுப் பழத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தான், பிடிக்க வந்தது யாரு? அக்கா” என்றேன்.

“ஒடம்புக்கு அக்கான்னு தெரியுமா, தங்கச்சின்னு தெரியுமா மாப்ளே? அது பாட்டுக்கு ஒதுங்கிட்டு. அவ்வளவு நாள் பழக்கம்.”

அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது. கட்டிலில் கிடந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒங்க பின்னாலதான நடந்துட்டு வாரேன். எனக்கும்தான் அவ்வளவு நாள் பழக்கம். பிடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே.”

அத்தான் மண்டியில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்.

ஐப்பசி மழையில் கட்டு அவிழ்த்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா நடக்கப் பழகினாள். சுவர் இல்லாத இடத்தில் ஒரு தோள் வேண்டியிருந்தது. அத்தானே முன்வந்தார். “என்னைப் பிடிச்சிக்கோ” என்று அவளுக்கு முன்னால் போய் நின்று முதுகைக் கொடுத்தார். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சுவரை விட்டுவிட்டுத் தோளில் கை வைத்தாள்.

தோள் இறங்கிவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். பிடிக்கச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் அவர் மூன்றடி தள்ளி நின்றார். அக்கா கதவு நிலையில் நெற்றி இடித்து நான் பிடித்ததால் விழாமல் நின்றாள். நெற்றியைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“இனி ஒங்களத் தொட மாட்டேன்” என்றாள். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சொன்னபடியே இருந்தாள். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு ஏற ஓர் உயரமான கல்படி உண்டு. காலைத் தூக்கி வைக்க முடியாது. அக்கா படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி உடம்பைப் பின்னுக்கு இழுத்து இழுத்து ஏறுவாள். சேலையெல்லாம் ஈரமாகும். அத்தான் அங்கேயே நிற்பார். அவள் அவரைத் தாண்டிச் சுவரைத் தேடுவாள். களி அப்போதும் கிண்டிக் கொடுத்தாள், பனியனையும் வெளுத்துப் போட்டாள். அந்த வீட்டில் அவர் உடம்புக்கு ஒரு குறையும் வரவில்லை. அவர் எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டபடியே, ஒன்றும் அவர் மேல் படவில்லை.

பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மாப்ளே, ஒரு ஒத்தாசை பண்ணணும். பின்னால வந்து என்னைத் தொடணும்.”

“எதுக்கு?”

“நிக்க முடியுதான்னு பாக்கணும்.”

இப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. அவர் வீட்டுக் கொல்லையில் தென்னை மரத்தடியில் நிற்பார். நான் பூனை மாதிரி பின்னால் போய்த் தோளைத் தொடவேண்டும். அவர் விலகாமல் நிற்கவேண்டும். அவ்வளவுதான் பாடம். ஒரு கைக்குழந்தைக்குக்கூட வரும். அவருக்கு வரவில்லை. நான் கையைக் கொண்டுபோனால் ஆள் கிணற்றடியில் நிற்பார். “இன்னொரு தடவை” என்பார். மறுபடி கிணற்றடி. முதலில் எனக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. பேசாமல் ஈரத் துண்டைச் சுழற்றி முதுகில் விளாசுவேன். அதுவும் படாது. படவேண்டும் என்று அவர், படாதே என்று அவர் உடம்பு. இரண்டுக்கும் நடுவில் துண்டோடு நான்.

ஒருநாள் தன்னைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் கட்டோடு துள்ளினார். நெஞ்சுத் தோல் மரத்தில் உரசிக் கன்றிப் போயிற்று. பக்கத்து வீட்டு மதினி மதிலுக்கு மேல் தலையைத் தூக்கி, “என்ன, மச்சினனும் அத்தானும் காலங்காத்தால?” என்று கேட்டாள்.

“பயிற்சி” என்றார் அத்தான், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி.

அடுக்களை ஜன்னலில் அக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது. பார்ப்பாள். நான் வெளியே வரும்போது காபி மட்டும் கொடுப்பாள்.

மார்கழியில் என் கை படும்வரை நின்றார். தை மாதம் பட்ட பிறகும் ஒரு நொடி நின்றார். உடம்பெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கம்பை இரண்டு மணி நேரம் அலுக்காமல் சுற்றுகிற ஆள், தோளில் ஒரு கை இருக்கும்போது சும்மா நிற்க அந்தப் பாடுபட்டார். எனக்குச் சிரிப்புப் போய்விட்டது. இரக்கம் வந்ததென்று நினைக்கவேண்டாம். இவ்வளவு எளிய ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் ஒரு மனுஷனால் இத்தனை நாள் எப்படி வாழ முடிந்தது என்ற எரிச்சல்தான் வந்தது.

மாசி கடைசியில் கொடைக்குக் கால் நாட்டினார்கள். நான் கேட்டேன், “அத்தான், இந்த வருஷமும் களத்துல எறங்கணுமா? இங்கன நிக்கப் பழகிட்டு அங்கன போயி எப்படி ஒதுங்குவிய?”

“கேட்டுட்டாங்களே மாப்ளே. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க.”

“சொல்லுங்க, ஏன்னு.”

“ஊருல போயி என்னன்னு சொல்ல? எம் பொண்டாட்டி என்னைத் தொடணும்னா?”

இறங்கினார். நீலம் போட்ட வெள்ளைப் பனியன், நாலு பக்கம் நாலு இளவட்டங்கள். அக்கா வரவில்லை. மேளம் அடித்ததும் எல்லாம் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. முதல் கம்பு காற்றில் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவது பின்னால் வந்தது. தோள் இறங்கவேண்டிய நேரத்தில் ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் நாலு மாதம் துண்டோடு நின்றேன். முதுகு நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

அடித்த பையனே பயந்துபோய்க் கம்பைத் தாழ்த்திவிட்டான். “அடிலே” என்றார் அத்தான். அப்புறம் அவர்கள் விடவில்லை. இத்தனை வருஷம் காற்றை அடித்தவர்கள் ஆயிற்றே. முதுகில், விலாவில், தோளில் என்று விழுந்துகொண்டே இருந்தது. முன்னால் வந்ததற்கெல்லாம் ஒதுங்கினார். பின்னால் வந்தது ஒவ்வொன்றையும் வாங்கினார். யாரோ விசில் அடித்தார்கள். சின்னப் பையன்கள் கூவினார்கள். அவர் மேல் ஒரு பொட்டு விழவேண்டும் என்று வருஷா வருஷம் வேண்டிக்கொண்டவன் நான். அம்மன் அத்தனையையும் சேர்த்துக் கொடுத்தபோது எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

முடிந்ததும் சுற்றி நின்றுகொண்டார்கள். “என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சி?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இனி ஒரு மணி நேரம் விளக்கம் வரும் என்று நான் நினைத்தேன்.

“வயிறு சரியில்ல” என்றார் அத்தான்.

ஒரு நாளும் வயிறு மக்கர் பண்ணாத அத்தான். ஊர் அதை அப்படியே நம்பியது. பீடி குடித்துக் குடித்து நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமுகிற ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கவேண்டும், ராத்திரியில் களி தின்னக்கூடாது, நாற்பதுக்கு மேல் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று ஆரோக்கிய உபதேசம் செய்தார். அத்தான் முழுவதையும் கேட்டார். “சரி அண்ணாச்சி” என்றார். அவர் பொறுமையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் பொறுமை என்று அவர் சொல்லிக்கொண்டதெல்லாம் வேறு என்னவோ.

வீட்டுக்குக் கொல்லை வழியாகப் போனோம். அக்கா கிணற்றடியில் கழுவிய பாத்திரங்களோடு நின்றுகொண்டிருந்தாள். பனியனைப் பார்த்தாள். அவர் திரும்பிப் படியைப் பார்த்து நின்றதும் முதுகையும் பார்த்தாள். முன்னால் ஒன்றும் இல்லை, எல்லாம் பின்னால் இருந்தது. ஜன்னல் வழியே அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“காவிக்கறை போவாது” என்றாள்.

“போவாட்டா கெடக்கு” என்றார் அத்தான்.

அக்கா பாத்திரங்களை என் கையில் கொடுத்தாள். காலை இழுத்து இழுத்துப் படியடிக்கு வந்தாள். அவர் கவனிக்கவில்லை, ஏதோ யோசனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொல்லாமல் கொள்ளாமல், பின்னாலிருந்து, அவள் அவர் தோளில் கையை வைத்தாள். ஊன்றி வைத்தாள். உடம்புப் பாரம் முழுக்க அந்தக் கையில் இருந்தது. அத்தான் விறைத்துப்போனார். ஆடுசதை வெடவெடவென்று நடுங்கியது. வேர்வை காதோரம் இறங்கியது. ஆனால் நின்றார்.

அக்கா நல்ல காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

“ஏட்டி, வெரசா ஏறு” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

அக்கா அவசரப்படவில்லை.